வாட்சுக்கு வந்த மரியாதை

ஒட்டுக்கேட்டது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் ஒருநாள், தாம்பரம் மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“துபாய்லேருந்து தம்பி எங்க வீட்டுக்காரருக்கு வாட்ச் அனுப்பினான்க்கா. அதோட விலையை விட கஸ்டம்ஸ் டூட்டி ஜாஸ்தி!”

“ஏண்டி அப்படி?”

“மாமா மதிக்கணும்னு பார்சல் மேல விலையை மூணு மடங்கா எழுதிட்டானாம். என்கிட்ட மட்டும் போன்ல சொன்னான்.”

“ஐயையோ! வீட்டுக்காரர் கத்தியிருப்பாரே?”

“கத்திக்கிட்டே கட்டினார். அவனை உதவாக்கரைன்னு திட்டின மனுஷன், இப்ப டூட்டி ரசீதைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, ‘என் மச்சான் அனுப்பினது, விலையைப் பாருங்க’ன்னு சிட்லபாக்கம் பூரா காட்டறார்!”

“உண்மையைச் சொல்லலையா?”

“போக்கா! அவ்வளவு டூட்டி கட்டி என் தம்பிக்கு வந்த மரியாதையை நானே கெடுக்கவா?”