ரெண்டு மிஷினுக்குப் பஞ்சாயத்து

இன்னா தம்பி, மறுபடியும் சளி டப்பாவா? வண்டிய நிழல்ல வுட்டுட்டு இந்த வலை மூட்டை மேல குந்து. மெதுவா பேசு. டி.பி.ன்ற வார்த்தை வாயில வரவே கூடாது. எதிர் வூட்டுக் குப்பம்மா மருமவ கதை தெரியுமில்ல? அவளுக்கு அந்தச் சீக்குன்னு தெரிஞ்சதும் பொட்டியும் கையுமா கேளம்பாக்கத்துல அம்மா வூட்ல தள்ளிட்டு வந்துட்டாங்க. பெத்த புள்ளயக் கூட கண்ல காட்டல.

உள்ள யாரு இருமறதா? டிவிப்பா அது. நீ விசயத்துக்கு வா.

ரெண்டு மிஷினும் சண்டை போட்டுக்கினு கீதுன்ற. எது சீக்கிரமா சொல்லும், எது சரியா சொல்லும்னு தாம்பரத்து ஆஸ்பத்திரில நீங்கதான போட்டி வச்சீங்க? ஒண்ணு காயிதப் பட்டையில கோடு போட்டுக் காட்டுது. இன்னொண்ணு பொட்டி, உள்ள தள்ளினா ரெண்டே மணி நேரம். பட்டை இன்னான்னா எனக்கு, இந்த ரத்தினபாய்க்கு, ஒண்ணுமில்லன்னுது. பொட்டி ரத்தினபாய்க்கு சீக்குன்னுது. அதுக்கோசரம் ரெண்டு டாக்டருங்க மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு பேசறதில்லையா? அய்ய, சீர் பத்தலன்னு மொறச்சிக்கிற சம்பந்திங்க கெட்டாங்க போ!

சிரிக்காத, கேக்கறதுக்கு பதில் சொல்லு. மொத டப்பா நீ எதிர்ல நின்னு வாங்கினது. வரலடான்னாலும் வுடாம, நல்லா இழுத்துத் துப்பு ஆயான்னு உசிர வாங்கின. அது பட்டைக்குப் போச்சி. ரெண்டாவது டப்பாவ வூட்டுக்குக் குடுத்தனுப்பின, காலைல எழுந்ததும் மொத சளியப் புடிச்சி வையி ஆயான்னு. அதத்தான பொட்டியில போட்டீங்க?

ஒரு மீன்காரியக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ரெண்டு தராசு ரெண்டு எடை காட்டினா, தராசத் திட்டறதுக்கு மின்ன தட்டுல கீறது அதே மீனுதானான்னு பாப்போம். நீங்க இவ்ளோ படிச்சவங்க, மிஷினக் கழட்டிப் பாத்துக்கினு கீறீங்க.

மறுபடியும் இருமுதா? கரண்ட்டு காலைலேர்ந்தே இல்லப்பா. டிவி எங்கேர்ந்து இருமும்?

எம்மருமவதான். கன்னியம்மா. அந்த ரெண்டாவது டப்பாவுல கீறது அவ சளி. சீக்கு எம்பேர்ல வந்தா மாத்திரையும் எம்பேர்ல வரும், கமுக்கமா அவளுக்குக் குடுத்துடலாம்னு கணக்குப் போட்டேன். நீ இன்னாடான்னா, மாத்திரைய உங்க ஆளு கண்ணெதிர முழுங்கணும்ன்ற. அவ சீக்குக்கு நா முழுங்கி இன்னா ஆவப் போவுது?

எழுந்திரு, உள்ள போ. எம்புள்ள கரைக்கு வர்றதுக்குள்ள அவகிட்ட சளிய வாங்கிக்கோ. உங்க காயிதத்துல அவ பேரையே எழுதிக்கோ. ஆனா குப்பத்துல எவன் கேட்டாலும், எம்புள்ளயே கேட்டாலும், சீக்கு இந்தக் கெழவிக்குத்தான்னு சொல்லிடு. என்னைத் தொரத்தணும்னா எந்த அம்மா வூட்டுக்குத் தொரத்துவான்?