தனியாகக் கட்டிய அரை கிலோ

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காபிப் பொடி வாங்கும் வரிசை. எனக்கு முன்னால், யாருடைய அவசரத்தையும் பொருட்படுத்தாத இரண்டு தோழிகள்.

"பையா, அரை கிலோ தனியா கட்டுங்க."

"அது யாருக்குடி?"

"கடலுக்கடியில என் கையைப் பிடிச்சிருந்தவருக்கு."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அந்தமான்ல என்னை டைவிங் கூட்டிட்டுப் போனாரே, அந்த மதுரைக்காரர். அங்க நல்ல காபிப் பொடி கிடைக்கலையாம். பயத்துல நான் பிடிச்ச பிடியில அவர் கையில நகம் பதிஞ்சு ரத்தமே வந்துடுச்சு. மனுஷன் கடைசி வரைக்கும் விடல. மேல வந்ததும், 'அக்கா, மீனெல்லாம் பாத்தீங்களா'ன்னுதான் கேட்டார்."

"பாத்தியா?"

"எங்க? இருபது நிமிஷமும் கண்ணை இறுக்கி மூடிட்டிருந்தேன். அவர்கிட்ட மட்டும், அந்த மஞ்சள் மீன் ரொம்ப அழகுன்னு சொல்லிட்டேன்."