பத்துக்கு நாலு

பஹ்மி: …இல்ல டொக்டர், சாப்பாடெல்லாம் நல்லாத்தான். ரெண்டு கோப்பை சோறு.

டொக்டர் நிரோஜினி: இந்த வயித்துக் குத்தோட ரெண்டு கோப்பையோ?

மாமி பல்கீஸ்: என்ட மருமகன் சோத்த மறுத்ததே இல்ல டொக்டர். கலியாணம் முடிச்சு கிண்ணியாவில இருந்து எங்கட வீட்டுக்கு வந்து மூணு கிழமை. ஒரு நாளும் மிச்சம் வெச்சதில்ல.

நிரோஜினி: குடுத்து வெச்ச மாமி. சத்தி எடுத்தீங்களோ தம்பி?

பஹ்மி: சத்தியா? சே… வாந்தியொண்டும் இல்ல.

நிரோஜினி: நோவு எங்க தொடங்கினது?

பஹ்மி: இங்கதான். வலப்பக்கம்.

நிரோஜினி: அமத்திறன்… நோகுதோ?

பஹ்மி: ஆ… கொஞ்சம்.

நிரோஜினி: இப்ப கைய டக்கெண்டு எடுக்கிறன்.

பஹ்மி: …

நிரோஜினி: பல்லக் கடிக்கிறீங்கள் போல.

பஹ்மி: இல்லயே! துறைமுகத்து ஜெட்டியில மூட்டை தூக்குற ஆள் நான்.

பல்கீஸ்: ஸ்கான் எடுத்தா தெரியாதா டொக்டர்?

நிரோஜினி: அதுக்கு ஆள் வர பின்னேரமாகும். குடல்வால் வீங்கினதெண்டா அதுக்கிடையில வெடிச்சிடும். அதுக்குத்தான் எங்களிட்ட ஒரு கணக்கு இருக்கு. நோவு தொப்புளடியில தொடங்கி வலப்பக்கம் இறங்கினதோ, பசி போனதோ, சத்தி, கைய எடுக்கேக்க நோவு, காய்ச்சல், ரத்தம்… ஒவ்வொண்டுக்கும் புள்ளி. மொத்தம் பத்து. ஏழு வந்தா ஒப்பரேசன்.

பல்கீஸ்: மருமகனுக்கு எத்தின?

நிரோஜினி: அமத்தினா நோகுது, ரெண்டு. ரத்தத்தில வெள்ளையணு கூடியிருக்கு, ரெண்டு. பத்துக்கு நாலு.

பஹ்மி: பாஸ் இல்லையா? வீட்ட போகலாமா?

நிரோஜினி: இதில பெயிலானாத்தான் தம்பி வீட்ட போகலாம்.

பல்கீஸ்: டொக்டர்… பாத்ரூம் எந்தப் பக்கம்?

நிரோஜினி: நர்ஸ் காட்டுவா.

பல்கீஸ்: நீங்க காட்டினா நல்லம்.

நிரோஜினி: நானோ?… சரி, வாங்கோ உம்மா.

*

நிரோஜினி: தம்பி, மாமி வெளியில. திரையையும் இழுத்திட்டன். இனி முதல்ல இருந்து சொல்லுங்கோ.

பஹ்மி: சொன்னனான்தானே…

நிரோஜினி: புள்ளி போடுறது நான், சொல்றது நீங்கள். பொய்யக் கூட்டிப் பாத்து உங்கட உயிரக் காப்பாத்த என்னால ஏலாது. சோறு எங்க போனது?

பஹ்மி: …மாமிக்குச் சொல்ல மாட்டீங்களே?

நிரோஜினி: மாட்டன்.

பஹ்மி: பூனைக்கு. நேத்தில இருந்து ஒரு வாய் இறங்கல்ல. புது மாப்பிள்ளைக்கெண்டு மாமி விடியவே எழும்பி இறால், கணவாயெண்டு சமைக்கிறா. எப்பிடி வேணாமெண்டு சொல்ற? பொண்டாட்டி வீட்டில இருந்துகொண்டு கோப்பையத் தள்ளி வெச்சா, மாப்பிள்ளைக்கு வீடு பிடிக்கல்ல எண்டுதானே கதை வரும்.

நிரோஜினி: சத்தி?

பஹ்மி: கிணத்தடிக்குப் பின்னால. ரெண்டு தரம்.

நிரோஜினி: நோவு?

பஹ்மி: முதல்ல தொப்புளடியில. பிறகுதான் இங்க இறங்கின.

நிரோஜினி: நான் கைய எடுக்கேக்க?

பஹ்மி: உயிர் போயிட்டு டொக்டர்.

நிரோஜினி: நாலு இப்ப எட்டு. தியேட்டருக்குச் சொல்றன்.

பஹ்மி: மெசின் ஒண்டும் இல்லாம… கையாலயும் கதையாலயும் வயித்துக்குள்ள இருக்கிறதப் பாத்திட்டீங்களே!

நிரோஜினி: கடைசியா எப்ப சாப்பிட்டீங்கள் எண்டு மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் கேப்பார். அவரிட்டயும் ரெண்டு கோப்பை எண்டு சொல்லிப்போடாதீங்கோ.

*

பஹ்மி: வெட்டி எடுத்த குடல்வால் வெடிக்கிற பதத்தில இருந்ததாம் மாமி. பின்னேரம் மட்டும் விட்டிருந்தா… அந்த டொக்டருக்கு என்ன மூளை! நான் மறைச்சதெல்லாம் அவ்வளவையும் கண்டுபிடிச்சிட்டா.

பல்கீஸ்: கெட்டிக்காரி. அல்லாஹ் அவக்கு நீண்ட ஆயுளக் குடுக்கணும். கஞ்சி குடிங்க. குடிக்க ஏலாட்டி வெச்சிடுங்க மருமகன்.

பஹ்மி: …ஏலாட்டியா?

பல்கீஸ்: இங்க பூனையும் இல்லையே.

பஹ்மி: மாமி! டொக்டர் சொன்னவவா?

பல்கீஸ்: அவ ஏன் சொல்ற? நான்தான் அவக்குச் சொன்னனான். பாத்ரூம் எனக்குத் தெரியாதா? என்ட மகள் பஸ்னாவப் பெத்ததே இந்த ஆசுபத்திரியிலதான்.

பஹ்மி: பிறகேன் அவக்கு முன்னால, ஒரு நாளும் மிச்சம் வெச்சதில்ல எண்டு…

பல்கீஸ்: வேற ஆளுக்கு முன்னால உங்களப் பொய்யனாக்கவா? சமைக்கேக்க குசினி ஜன்னலால எல்லாம் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். என்ட கறி வாயில வைக்க ஏலாம இருக்காக்கும் எண்டு இங்க வாறதுக்கு முதல் நாள் முழுக்க அழுதனான் மருமகன். குடல்வால்தான் எண்டு டொக்டர் வந்து சொன்னதும்… அல்லாஹ் என்ன மன்னிக்கணும்… எனக்குச் சந்தோசமாப் போச்சு.