அடுப்பு உள்ளேயா, வெளியேயா

டிசைனர்: ...இல்ல சார், டேப்பைச் சுவரோட ஒட்டிப் பிடிங்க. முன்னால அளந்தது எனக்குத் திருப்தியா இல்லை.

கணவர்: எத்தனை தடவைம்மா அளப்பே? சுவர் பயந்துபோய்ச் சுருங்கிடப் போகுது.

மனைவி: அந்தப் பொண்ணை வேலை செய்ய விடுங்க.

டிசைனர்: பரவாயில்லைம்மா. தப்பா வரைஞ்சா கொத்தனார் என்னைத்தான் திட்டுவார். நாளைக்கு அவர் கையில வரைபடம் இருக்கணும். அதனால இப்பவே ஒரு முடிவு...

கணவர்: முடிவு அன்னிக்கே சொல்லியாச்சு. அடுப்பு வீட்டுக்குப் பின்னால, வெட்டவெளிக்குப் போகுது.

மனைவி: சொன்னது நீங்க. நான் சொல்லலை. இந்தச் சுவரை இடிச்சு சமையலறையை ஹாலோட சேர்க்கணும். அடுப்பு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

டிசைனர்: ரெண்டும் ஒண்ணா முடியாதுங்க. அடுப்பு ஒண்ணுதானே. அது வெளியே போயிட்டா இந்தச் சுவரை இடிக்கவே வேண்டியதில்லை.

கணவர்: கேட்டியா?

மனைவி: கேட்டேன். சுவரை இடிச்சுட்டா அது வெளியே போக வேண்டியதில்லை.

டிசைனர்: வீட்டுல யார் சமைக்கறீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்...

கணவர்: நான்தான். இவ ஹால்ல தைப்பா, நான் இங்கே சமைப்பேன். ரிடையர் ஆன நாள்லேர்ந்து கரண்டி என் கையில.

மனைவி: அதை யாரும் பிடுங்கலை.

கணவர்: எங்க அக்கா பிடுங்கப் பார்க்கறாங்களே. தம்பிக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து உடம்பு சரியில்லை, சமைக்க ஓர் ஆள் வெச்சுடுன்னு போன்ல உன்கிட்ட ஓதினாங்க. நீயும் ம்ம், ம்ம்னு...

மனைவி: ம்ம்னா சரின்னு அர்த்தமா?

கணவர்: வேற என்ன அர்த்தம்? கரண்டியையும் கீழ வெச்சுட்டா நான் பகல் பூரா என்ன பண்றது? உனக்கு ஊசியில நூல் கோத்துக் கொடுக்கவா?

மனைவி: நீங்க கோத்துக் கொடுத்தா அன்னிக்கு ஒரு பொத்தான்கூட தைக்க முடியாது.

டிசைனர்: சார்... வெளியே எதுக்குன்னு சொன்னா எனக்கு வரையறது சுலபம். புகையா? வெக்கையா? புகைன்னா இங்கேயே மேல ஒரு புகைபோக்கி வெச்சுடலாம்.

கணவர்: காத்தும்மா. நாலு பக்கமும் திறந்திருக்கணும். எது கசிஞ்சாலும்... அதாவது, எதுவா இருந்தாலும் காத்தோட போயிடணும்.

டிசைனர்: அம்மா, உங்களுக்கு?

மனைவி: தைக்கும்போது அடுப்பு எனக்குத் தெரியணும்.

டிசைனர்: அதுக்குச் சுவரை இடிப்பானேன்? பெரிசா ஒரு கண்ணாடி ஜன்னல் வெக்கலாம். பார்க்கவும் பார்க்கலாம், வாசனையும் ஹாலுக்கு வராது.

மனைவி: கண்ணாடி வேணாம். வாசனை வரட்டும்.

டிசைனர்: வரட்டுமா? மீன் வறுத்தா தைக்க வந்த துணியெல்லாம் நாறுமே. எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் வாசனையை எப்படித் தடுக்கறதுன்னுதான் கேப்பாங்க.

கணவர்: நல்லா சொல்லு. துணி கொடுத்தவங்க திரும்பக் கொண்டுவந்து மூஞ்சியில வீசட்டும், அப்ப தெரியும்.

மனைவி: துணியை பீரோவுல வெச்சுப் பூட்டிக்கறேன்.

டிசைனர்: எனக்கு ஒண்ணும் புரியலை... சரி, வெளியே வெக்கறதைப் பத்தி என் மனசுல பட்டதைச் சொல்லலாமா? தப்பா இருந்தா...

கணவர்: அதுக்குத்தானேம்மா கூப்பிட்டோம்.

டிசைனர்: பின்பக்கம் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அருமையான இடம். மேல ஒரு கூரை, தண்ணி ஓடக் கொஞ்சம் சரிவு, உக்கார ஒரு கல்மேடை... எல்லாம் செய்யலாம். சமையல்தான் இடிக்குது. சந்துலேர்ந்து வர்ற காத்து நேரா அடுப்புமேலதான் அடிக்கும். தீயை அணைச்சுடும்.

கணவர்: அணைஞ்சா பத்த வெச்சுக்கறேன்.

டிசைனர்: அணைஞ்சது தெரியணுமே சார். நீங்க திரும்பி நின்னு காய் நறுக்கிட்டு இருப்பீங்க, கேஸ் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். காத்துக்குத் தடுப்பு கட்டினா கேஸ் அங்கேயே தேங்கும். ஆனா அதுக்காகப் பயப்பட வேணாம், வாசனை வந்ததுமே தெரிஞ்சுடும்ல...

கணவர்: இன்னொரு தடவை அளந்துக்கோம்மா.

டிசைனர்: அளந்தாச்சு சார்.

மனைவி: ஏங்க. காலையில பாலை என்கிட்ட நீட்டி, கெட்டுப்போச்சா பாருன்னீங்களே. எதுக்கு?

கணவர்: நான் மூக்குக்கண்ணாடி போடலை.

மனைவி: பாலுக்கு எதுக்குங்க மூக்குக்கண்ணாடி? மோந்து பார்த்தா ஆச்சு.

கணவர்: இந்தப் பொண்ணு முன்னால இப்ப இதெல்லாம்...

டிசைனர்: நான் வேணா வெளியே போய் அந்தச் சந்தை அளந்துட்டு...

மனைவி: நில்லும்மா. வரையப்போறது நீதான், நீயும் கேட்டுக்கோ.

கணவர்: சரி... காய்ச்சலோட போச்சு. பூண்டு, கருகினது, கேஸ், எதுவும் மூக்குக்கு வரலை. டாக்டர் வந்துடும்னார், இன்னும் வரலை. வெட்டவெளியில சமைச்சா யாருக்கும் ஆபத்தில்லைன்னு கணக்குப் போட்டேன். அதுவும் சரிப்படாதுங்குது இந்தப் பொண்ணு. விடு... அக்கா சொன்ன மாதிரியே ஓர் ஆள் வெச்சுக்கோ.

மனைவி: சமைக்க எங்க வீட்டுல ஆள் இருக்குன்னு உங்க அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். காய்ச்சல் விட்ட வாரமே எனக்குத் தெரியும். பருப்பு அடிபிடிச்சு நாத்தம் ஹாலுக்கே வருது, நீங்க அடுப்புப் பக்கத்துல நின்னு பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வெங்காயம் நறுக்கறீங்க. அன்னிலேர்ந்து நீங்க அடுப்பைப் பத்த வெச்சாலே, தண்ணி குடிக்கற மாதிரி, கத்திரிக்கோலைத் தேடற மாதிரி, இந்தச் சமையலறை வாசல்ல வந்து வந்து நிக்கறேன். கால் வலிக்குதுங்க. அந்தச் சுவர் போகட்டும். நீங்க சமைங்க... நான் உக்காந்த இடத்துலேர்ந்தே மோந்துக்கறேன்.