நாத்தனாரின் சிறுநீரகம்

என் கணவர் நன்றாக இருந்த காலத்தில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வருவார், குளிப்பார், சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுவார். என் முகம் அவருக்கு ஞாபகத்தில் இருந்ததா என்பதே சந்தேகம்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகுதான் எங்களுக்குக் குடும்பம் என்று ஒன்று அமைந்தது. டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போவேன், கூட்டிவருவேன். குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுப்பேன். ஊசி ஏற்றுகிற கையில் விரல் வைத்தால், தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது அதிரும். "பஸ் என்ஜின் மாதிரி இருக்குல்ல?" என்று சிரிப்பார்.

சில நாள் சோர்ந்துபோய், "எதுக்கு இந்தப் பொழப்பு" என்று என் மடியில் தலை சாய்த்துக்கொள்வார். மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்தாள். பேசிப் பேசி, பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் செய்ய வைத்தாள். "மாத்திப் பொருத்திட்டா மறுபடி வண்டி எடுப்பேன்" என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

அவருடைய தங்கை, தன் சிறுநீரகம் பொருந்துமா என்று தானாகவே பரிசோதனை செய்துகொண்டாள். அண்ணனுக்கு வீண் ஆசை காட்டக் கூடாதென்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அண்ணி, பொருந்துது. அண்ணன்கிட்ட குடுங்க."

"தூங்குறார்மா. நான் சொல்லிக்கிறேன்."

சொன்னேன். "உங்க தங்கச்சிகிட்ட கேட்டுப் பாத்தேன். புள்ளகுட்டிக்காரியாம், முடியாதுன்னுட்டா." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவளிடம், "உங்க அண்ணன் வேணாங்கிறார்" என்றேன். நம்பாமல் நேரில் வந்தாள். நான் உள்ளே போய், "தங்கச்சி வந்திருக்கா, சமாதானம் சொல்லணுமாம்" என்றேன். "அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன், போகச் சொல்லு" என்று அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதபடி போனாள்.

பிறகு அவர் ஆலோசகரோடும் பேச மறுத்தார். "வீட்டுல ஏதாவது நடந்துச்சா? திடீர்னு உடைஞ்சு போயிட்டாரே" என்று அவள் என்னிடம் கேட்டாள். அவர் சுபாவமே அப்படித்தான் என்றேன்.

ஒரு காலையில், "போதும், வரல" என்றார். வாசலில் நின்ற ஆட்டோவை நான்தான் திருப்பியனுப்பினேன். அடுத்த முறையும் அப்படியே. மருத்துவமனையிலிருந்து கேட்டபோது, வெளியூர் வந்திருக்கிறோம் என்றேன். கால் வீங்கியது. மூச்சு இரைத்தது. "பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்று அவரே கேட்டார். எதற்கு அலைய வேண்டும் என்று தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவைத்தேன்.

சாவு வீட்டில்தான் தங்கையும் ஆலோசகரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள், தெரியும். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பொருந்தியதைச் சொல்லாதது நான். அவர் கேட்டும் கூட்டிப்போகாதது நான். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கடைசியாக அவர் என்ன சொன்னார் தெரியுமா? "உன்னை விட்டா எனக்கு யாருமில்ல." எத்தனை பெண்டாட்டிகளுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்கும்?

அதைச் சொல்லும்போது அவர் அழுதது சந்தோஷத்தில்தான்.