ஆறு வாரம் பொறுக்காதவள்

அவையை அழகுறத் தாங்கி நிற்கும் தலைவர் அவர்களே! வாதத்தால் வளர்ந்து வயதால் கனிந்த மூத்த வழக்கறிஞர்களே! பெற்ற பிள்ளைகளைக் கறுப்பு அங்கியில் கண்குளிரக் காண வந்திருக்கும் தாய்மார்களே! இன்றுதான் அங்கி அணிந்த இளையோரே! எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

"அவ்வளவு பெரிய சட்ட நிறுவனத்தை ஏன் விட்டீர்கள்?" இதைத்தானே கேட்கத் துடிக்கிறீர்கள்? அதோ, கடைசி வரிசையில் தலையாட்டுகிறார்கள்! சொல்கிறேன்.

ஒன்பது மாடி. முந்நூறு வழக்கறிஞர்கள். பதினோரு ஆண்டுகள் உழைத்தேன். பங்குதாரர் ஆக ஆறே வாரம் மிச்சம். அப்போது ஒரு வழக்கு. இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்த தொழிலாளி ஆலைமீது தொடுத்தது. ஆலைக்காக நான். இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவை அவரே திறந்திருந்தால் ஆலை தப்பிவிடும். கதவைத் திறந்தது யார்? நீங்களா? நிச்சயமாக நீங்கள் இல்லையா? கூண்டில் நின்ற அவரிடம் இரண்டு மணி நேரம் கேள்விமேல் கேள்வி! கடைசியில், "ஞாபகம் இல்லைங்க" என்றார். அவர் வழக்கு சாய்ந்தது.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மேடம், நான்தான் அந்தக் கதவைத் திறந்தேனா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார்.

எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதே இல்லை!

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோப்பைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை, மூடினாலும் விடவில்லை. "ஆறு வாரம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றார் கணவர். நியாயம்தானே? விலகல் கடிதத்தை நான்கு முறை அச்சடித்தேன். நான்கு முறையும் கிழித்தேன். சிரிக்கிறீர்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது கடிதத்தோடு மூத்த பங்குதாரரின் அறைக்குள் நுழைந்தேன்.

"பங்குதாரர் ஆயிட்டுப் போம்மா. மரியாதையா இருக்கும்."

"ஆயிட்டா போகமாட்டேன், சார். அந்தப் பயத்துலதான் இப்பவே வந்தேன்."

அவர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டார்.

நிம்மதி வந்ததா? இல்லை! அந்தத் தொழிலாளிக்காக நான் வாதாட முடியுமா? முடியாது! எதிர்த்தரப்பில் நின்றவள் நான். நான் நொறுக்கியதை நானே ஒட்டவைக்கச் சட்டம் இடம் தராது. அவரைப் போன்ற வேறு பலருக்காக நிற்கிறேன். வெல்கிறேன், தோற்கிறேன். இன்றும் ஒரு சாட்சி கூண்டில் ஏறினால் என் நெஞ்சு பதறுகிறது.

பதறட்டும்! இளையோரே, உங்கள் நெஞ்சும் ஒருநாள் பதறும். பதவி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தட்டித் தூங்க வைக்காதீர்கள்! பதறும் நெஞ்சோடு நீதிமன்றம் ஏறுங்கள். பதறும் நெஞ்சோடு கேள்வி கேளுங்கள். பதறாத அன்று அங்கியைக் கழற்றிவிடுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.