மரத்துக்கு இரண்டு வாளி, பாத்திக்கு இரண்டு வாளி

மேப்பிள் மரக்கன்றைத் தம் பொற்கரத்தால் நட்டு, நடும்போது எடுத்த படத்தை மின்தூக்கிக்குள் மாட்டிவைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, அந்தக் கன்றுக்கு இருபுறமும் லாவெண்டர் பாத்திகளைப் பரிசளித்து வாசலுக்கே வாசம் சேர்த்த மகளிர் குழுத் தலைவி அவர்களே, அட்டவணை போடாமல் ஒரு தும்மல்கூடப் போடாத செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைத்த பெரியோரே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளையோரே, பிள்ளையை மடியிலும் செல்போனைக் கையிலும் ஏந்தியிருக்கும் தாய்மாரே, கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது தாவரவியல். "நம்ம தோட்டக்காரம்மா பொண்ணு படிச்சிருக்காமே, ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று தலைவர் பெருந்தன்மையோடு அழைத்தார். தலைப்பையும் அவரே தந்தார். மேப்பிள் மரமும் லாவெண்டர் செடியும் வளர என்னென்ன வேண்டும் என்று ஒப்பிட வேண்டும். நான் பேசி முடித்ததும் தேநீர். தேநீர் முடிந்ததும் ஆறாவது தீர்மானம். வாசலின் இடப்பக்க லாவெண்டர் பாத்தியைக் கவனக்குறைவால் அழியவிட்ட தோட்டக்காரப் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது. என் தலைப்புக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் தொடர்பில்லாமலேயே பேச முயல்கிறேன்.

மேப்பிள் கன்று என்ன கேட்கும்? ஈரம் கேட்கும். ஆழமாக இறங்கும் ஈரம் கேட்கும். உச்சிவெயில் சுடாத நிழல் கேட்கும். வேரை மூட இலைச்சருகு கேட்கும், மக்கிய எரு கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் இலையோரம் கருகிப்போய், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும்.

லாவெண்டர் என்ன கேட்கும்? வெயில் கேட்கும், இன்னும் கொஞ்சம் வெயில் கேட்கும். மணல் கலந்த மண் கேட்கும். எரு வேண்டாம் என்னும். தண்ணீரா, மண் காய்ந்த பிறகு பார்க்கலாம் என்னும். ஒன்று, மூக்குமுட்டச் சாப்பிட்டும் அடுத்த பந்தியைப் பார்க்கும் மருமகன். மற்றொன்று, உபசரிக்க உபசரிக்க உடம்புக்கு முடியாமல் போகும் மாமியார். முன்வரிசையில் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், செடியைத்தான் சொல்கிறேன்.

இப்படி இரண்டை அடுத்தடுத்து நட்டால் என்ன செய்ய வேண்டும்? நம் சங்கம் என்ன செய்தது என்று சொல்கிறேன், பெருமையோடு கேளுங்கள். சமத்துவம் செய்தது.

முதல் வாரம், அம்மா தினமும் நான்கு வாளித் தண்ணீரை மரத்துக்கே ஊற்றினார். வாசல் கேமராவில் அதைப் பார்த்துவிட்டு மகளிர் குழுத் தலைவி இறங்கி வந்தார்.

"ஏம்மா, தலைவர் வச்ச மரம்னா நாலு வாளி, நாங்க வச்ச செடின்னா ஒண்ணுமில்லையா?"

"அது தண்ணி கேக்கலைங்கம்மா."

"செடி உங்கிட்ட வந்து பேசுதா?"

"பேசுனா உங்ககிட்டதாங்கம்மா மொதல்ல புகார் சொல்லும்."

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. மரத்துக்கு இரண்டு வாளி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரே அளவாய் இரண்டு வாளி, எல்லோருக்கும் சமமாய் எரு, தினமும் காலை ஆறு மணி, ஊற்றியதற்குக் கையெழுத்து. உலகத்தில் எந்தச் செடியும் கேட்காத நீதி நம் வாசலில் கிடைத்தது.

அம்மா கீழ்ப்படிந்தார். இரண்டு என்றால் இரண்டு. இருபதாம் நாள் செயலாளரிடம் போய், "சார், எடப்பக்கம் வேர் அழுகுது சார்" என்றார். செயலாளர் அட்டவணையைப் பார்த்தார். அதில் அழுகலுக்குக் கட்டம் இல்லை. "அப்போ இன்னும் ஒரு கை எரு சேத்துப் போடும்மா" என்றார். அம்மா போட்டார். ஆறாம் வாரம் இடப்பக்கப் பாத்தி கறுத்துச் சாய்ந்தது. பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தது.

"தலைப்புக்கு வாம்மா" என்கிறார் செயலாளர். தலைப்பில்தான் சார் நிற்கிறேன். ஒப்பீடு இன்னும் முடியவில்லை.

வலப்பக்கப் பாத்தி என்ன ஆயிற்று? அதை ஜெனரேட்டர் அறை மறைக்கிறது. கேமராவின் கண் அங்கே எட்டாது. அதே அட்டவணைதான், அதே இரண்டு வாளிதான். அது மட்டும் எப்படிப் பூத்தது? தலைவர் மேசையிலிருக்கும் பூச்சாடியில் ஊதா நிறத்தில் மணக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

அம்மா தலையை ஆட்டுகிறார். "போதும், எறங்கு" என்று அர்த்தம். அம்மா, மன்னித்துவிடு.

பெரியோரே, வலப்பக்கப் பாத்திக்கு ஆறு வாரமாகத் தண்ணீரே ஊற்றவில்லை. மூன்றாம் மாடியில் கட்டுமான வேலை முடிந்து மிஞ்சிய மணலைச் சுமந்துவந்து அந்த மண்ணில் கலந்தவர் என் அம்மா. அதன் இரண்டு வாளியை, கேமரா பார்க்காத பக்கமாய்ச் சுற்றிப் போய், தினமும் மேப்பிளின் வேரில் ஊற்றியவரும் அவரே. "அட்டவணையின் வெற்றி" என்று தலைவர் வாட்ஸ்அப் குழுவில் மேப்பிள் துளிர்த்த படம் போட்டாரே, அந்தத் துளிர் அட்டவணையால் வந்ததில்லை. பாத்திக்கு ஊற்றியதாய் நாள்தோறும் போட்ட கையெழுத்து பொய். நேற்றிரவு வீட்டில் நான் கேட்டதற்கு, "என்னடி பண்ணச் சொல்ற, சாகவா விடுறது?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதை மறைத்திருந்தால் அவர் மேல் ஒரே ஒரு பழிதான். இப்போது நானே இன்னொன்றைக் கையில் கொடுத்திருக்கிறேன். தெரிந்துதான் கொடுத்தேன். உங்கள் சொல்லைக் கேட்டு நடந்த இடத்தில் செடி செத்தது. கேட்காத இடத்தில் செடியும் பிழைத்தது, மரமும் பிழைத்தது. ஆகவே ஆறாவது தீர்மானத்துக்கு ஒரு சிறு திருத்தம் கோருகிறேன். "கவனக்குறைவால் அழியவிட்டவர்" என்ற வரியை அடித்துவிடுங்கள். "சங்கத்தின் அனுமதி பெறாமல் உயிரோடு வைத்திருந்தவர்" என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குற்றத்துக்காக அவரை அனுப்ப விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஒரு கை எழுகிறது. மகளிர் குழுத் தலைவி அவர்கள். சொல்லுங்கள் ஆன்ட்டி.

"அந்த எடப்பக்கம் திரும்ப நட்டா, எப்போ எப்போ தண்ணி ஊத்தணும்?"

நல்ல கேள்வி. என் பட்டத்தில் அதற்குப் பொதுவான பதில் இருக்கிறது. இந்த வாசலுக்கான பதில் கடைசி வரிசையில் இருக்கிறது. அவரிடமே கேளுங்கள். அம்மா, முன்னால் வா. பயப்படாதே, நானும் பயந்துகொண்டுதான் நிற்கிறேன்.

அழைத்த தலைவருக்கும், பொறுத்த செயலாளருக்கும், கையை உயர்த்திக் கேள்வி கேட்ட தலைவிக்கும், உயர்த்தாத உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி, மைக்கை என் அம்மாவிடம் தந்து, வணங்கி விலகுகிறேன்.